திருத்தங்களும் சேர்க்கைகளும்

எங்கள் வீட்டில் பள்ளிப் புத்தகங்களுக்கு 'சோவியத் நாடு' தாளில்தான் அட்டை. நான் படிக்கப்போன காலத்தில் அந்தப் பத்திரிகை நின்றுவிட்டிருந்தது. அதை வெளியிட்ட தேசமே இல்லாமல் போயிருந்தது. ஆனால் அப்பா வாங்கிப் பரணில் கயிறு போட்டு வைத்திருந்த கட்டுகள் என் எட்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தன. வழவழப்பான கனத்த தாள். மழையில் நனைந்தாலும் சட்டென்று கிழியாது. கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு டிராக்டர், வரலாற்றின் மேல் கோதுமை வயல், ஆங்கிலத்தின் மேல் தலையில் பூ வளையம் வைத்த ஒரு பெண். அவள் சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாரையும் பார்த்துச் சிரிக்காத சிரிப்பு.

மாஸ்கோவில், அதே வருஷங்களில், வேறொரு பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது என்பது நான் பாங்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பின்னட்டை போன ஒரு கெட்டிப் புத்தகம் அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. 'அன்சென்ஸர்ட் ரஷ்யா', பீட்டர் ரெட்டவே தொகுத்து 1972-இல் வந்தது. நாவல் என்று நினைத்துத்தான் எடுத்தேன். உள்ளே இருந்தது 'நடப்பு நிகழ்ச்சிகளின் பதிவேடு' என்ற ரகசியப் பத்திரிகையின் முதல் பதினோரு இதழ்கள், இங்கிலீஷில். பிற்பாடு வந்த இதழ்களை ஆம்னஸ்டி ஸ்தாபனம் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறது. இன்று அவற்றைக் கணினியிலேயே படித்துவிடலாம். நான் படித்தேன். ஐந்தாறு வருஷங்களாக, வேறு எதையோ படிக்க வேண்டிய இரவுகளில், அவற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லி முடிப்பேனா தெரியாது.

முதல் இதழின் தேதி 1968 ஏப்ரல் 30. அச்சு இல்லை. மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து ஒரே தட்டில் எத்தனை பிரதி எழும்புமோ அத்தனை. கடைசிப் பிரதியில் எழுத்து புகை மாதிரி இருக்கும். கிடைத்தவர் படித்துவிட்டுத் தானும் கார்பன் வைத்து அடிக்க வேண்டும். அவரிடம் வாங்கியவர் இன்னொரு முறை. ஆசிரியர் பெயர் கிடையாது, விலாசம் கிடையாது, சந்தா கிடையாது. தலைப்பில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆவது ஷரத்து, கருத்துச் சுதந்திரம் பற்றியது. அந்த வருஷத்தை மனித உரிமை வருஷமாக ஐ.நா. அறிவித்திருந்தது. அவர்கள் அதை நம்பினார்கள், அல்லது நம்புவதுபோல நடந்துகொண்டார்கள். இந்த இரண்டுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இதழ்களைத் தொகுத்துத் தட்டச்சு செய்தவர் நதால்யா கொர்பனேவ்ஸ்கயா. கவிஞர், மொழிபெயர்ப்பாளர். முதல் இதழைத் தயாரித்தபோது நிறை கர்ப்பிணி.

விலாசமில்லாத பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது எப்படி? ஐந்தாம் இதழில் இதற்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. உனக்கு யார் இதழைக் கொடுத்தாரோ அவரிடம் செய்தியைச் சொல். அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். அப்படியே மேலே போகும். ஆனால் சங்கிலி முழுவதையும் நீயே பின்தொடர்ந்து போய்ப் பார்க்க முயலாதே, உன்னை ஒற்றன் என்று நினைத்துவிடுவார்கள். நான் படித்த மட்டும், பத்திராதிபர் வாசகருக்கு எழுதிய குறிப்புகளில் இதைவிட நல்லது எதுவும் இல்லை. இதில் நம்பிக்கை, எச்சரிக்கை, கொஞ்சம் ஹாஸ்யம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கிற ஒருவர் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற அமைப்பு.

இப்போது நடைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான், பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

பதிவேட்டின் வாக்கியங்களில் பெயரடை கிடையாது. இன்ன தேதி, இன்ன ஊர், இன்னார் வீட்டில் சோதனை, எடுத்துச் சென்றவை இவை, சோதனை போட்டவர் பெயர் தெரிந்தால் அந்தப் பெயர், சட்டப்பிரிவு. 190-1 என்றால் ஸோவியத் அமைப்பைப் பழிக்கும் பொய்களைப் பரப்பியது, மூன்று வருஷம் வரை. 70 என்றால் ஸோவியத் எதிர்ப்புப் பிரசாரம், ஏழு வருஷம் முகாம், அதற்கு மேல் ஐந்து வருஷம் நாடுகடத்தல் வரை போகலாம். 'கொடூரமான', 'அநியாயமான', 'வீரஞ்செறிந்த' என்ற சொற்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒருவரை மனநோய் மருத்துவமனையில் அடைத்து, மூளை சரியாக இருப்பதற்காகவே ஊசி போடுகிறார்கள். அதையும் அதே குரலில்தான் எழுதுகிறார்கள்: எந்த மருத்துவமனை, யார் வைத்தியர், என்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து.

இது வறட்சி இல்லை. வறட்சி என்று சொல்பவர்கள் நம்மூர்த் தலையங்கங்களைப் படித்துக் கெட்டுப்போனவர்கள். அரசாங்கத்திடம்தான் ஏற்கெனவே எல்லாப் பெயரடைகளும் இருந்தன. 'பிராவ்தா'வில் இல்லாத பெயரடையா? என் புத்தக அட்டைகளில் இருந்த டிராக்டருக்கே மூன்று பெயரடை. அதற்கு எதிராக இன்னும் உரத்த பெயரடையை நிறுத்தினால் அது எதிர்ப்பாகாது, அதே வியாபாரத்தில் போட்டிக்கடையாகத்தான் ஆகும். இவர்கள் கடையையே சாத்திவிட்டார்கள். பெயர்ச்சொல்லையும் தேதியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. பின்னால் வந்த இதழ்களில் நிரந்தரத் தலைப்புகள் உண்டு. 'கைதுகள், சோதனைகள், விசாரணைகள்', 'சிறைகளிலும் முகாம்களிலும்' என்று. கடைசியில் பெரும்பாலும் 'திருத்தங்களும் சேர்க்கைகளும்' என்று ஒரு பகுதி. முந்திய இதழில் ஒருவருடைய தண்டனை தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால், தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால், இங்கே சரியானது கொடுக்கப்படும். நினைத்துப் பாருங்கள். ஒரு பிரதி வைத்திருந்தாலே சிறை என்கிற நிலையில், முதலெழுத்தைத் திருத்துவதற்காக ஒரு செய்தி ஊர் ஊராகக் கைமாறி மாஸ்கோவுக்கு வருகிறது. ஒருவர் உட்கார்ந்து அதை அடிக்கிறார். ஆறு கார்பன் வழியாக அந்த முதலெழுத்து இறங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பாங்கு ஞாபகம் வந்தது. இது பெருமைக்குரிய ஒப்பீடு இல்லை என்று தெரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஹெட்காஷியர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். "தப்பு எழுதிட்டா அழிக்காத தம்பி. சுரண்டாத. மேலயே எழுதாத. ஒரே கோடு போட்டு அடி. அடிச்சது படிக்கற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானத எழுதி இனிஷியல் போடு." கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையால் எழுதுகிற ரிஜிஸ்டர்கள் பாக்கி இருந்தன. அந்தப் பாடத்தை நான் மறந்ததில்லை. பாடத்தை மறக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

1968 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் ஸோவியத் டாங்குகள் நுழைந்து நாலைந்து நாள் ஆகிறது. நடுப்பகலில் எட்டுப் பேர் செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். சதுக்கத்தில் பழங்காலத்தில் அரசாணைகளைப் படித்துச் சொன்ன ஒரு கல்மேடை உண்டு, அதன் அருகில். லாரிசா பொகராஸ், பாவெல் லித்வினோவ், கான்ஸ்டான்டின் பாபித்ஸ்கி, வதீம் தெலோனே, விளாதீமிர் திரெம்ல்யூகா, விக்டர் ஃபைன்பெர்க், தத்யானா பாயெவா. கொர்பனேவ்ஸ்கயா தள்ளுவண்டியில் மூன்று மாதக் குழந்தையோடு வந்தார். துணியில் எழுதிய வாசகங்களைப் பிரித்தார்கள். ஒன்றில் 'உங்கள் சுதந்திரத்துக்கும் எங்கள் சுதந்திரத்துக்கும்' என்று இருந்தது. சில நிமிஷம்தான். மப்டியில் இருந்தவர்கள் ஓடிவந்து பிடுங்கிக் கிழித்தார்கள், அடித்தார்கள். ஃபைன்பெர்க்கின் முன்பற்கள் உடைந்தன. பல் உடைந்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்த முடியாதே. அவரை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். பாயெவா சின்னப்பெண், தற்செயலாக அங்கே நின்றேன் என்று சொல்லும்படி மற்றவர்களே வற்புறுத்தினார்கள், விடுவிக்கப்பட்டாள். அக்டோபரில் விசாரணை. குற்றச்சாட்டில் போக்குவரத்துக்கு இடையூறு என்பதும் உண்டு. இரண்டு பேருக்கு முகாம், மூன்று பேருக்கு நாடுகடத்தல்.

கைக்குழந்தைக்காரி என்பதால் கொர்பனேவ்ஸ்கயாவை அப்போது விட்டுவைத்தார்கள். அவர் அந்த நாளைப் பற்றிய சாட்சியங்களையும் வழக்கு விவரங்களையும் சேகரித்து ஒரு புத்தகமாகவே ஆக்கினார். பதிவேட்டையும் நடத்தினார். 1969 டிசம்பரில் கைது. கஸானில் இருந்த விசேஷ மனநோய் மருத்துவமனை. 1972 பிப்ரவரியில் வெளியே வந்தார். அவருக்கு வைத்தியர்கள் கண்டுபிடித்த வியாதி, அறிகுறியே வெளியில் தெரியாமல் மெல்ல மெல்ல ஊர்கிற மனச்சிதைவு. அறிகுறி தெரியாததே அறிகுறி. இந்த வைத்தியத்துக்கு ஈடான அபத்தத்தை நம் அபத்த நாடகக்காரர்கள் யாரும் எழுதிவிடவில்லை.

நம்புவதுபோல நடந்துகொள்வது என்று மேலே சொன்னேன். அதன் தொடக்கம் அலெக்ஸாண்டர் எஸெனின்-வோல்பின் என்ற கணித அறிஞர். கவிஞர் எஸெனினுடைய மகன். 1965-இல் ஸின்யாவ்ஸ்கி, தானியேல் என்ற இரண்டு எழுத்தாளர்கள் வெளிநாட்டில் புனைபெயரில் பிரசுரித்ததற்காகக் கைதானபோது, வோல்பின் புரட்சி வேண்டும் என்று சொல்லவில்லை. அரசியல் சட்டத்தில் பகிரங்க விசாரணை என்று எழுதியிருக்கிறதே, அதைச் செய் என்றார். அந்த டிசம்பர் 5, அரசியல் சட்ட தினத்தன்று, புஷ்கின் சதுக்கத்தில் சிலர் கூடினார்கள். 'ஸோவியத் அரசியல் சட்டத்தை மதியுங்கள்' என்று ஒரு அட்டை. அதைப் பிடித்து நின்றவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் வருஷாவருஷம் அதே நாள் மாலை ஆறு மணிக்கு அங்கே கூடி, ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் நிற்பது வழக்கமாயிற்று. அவ்வளவுதான். அரசு எழுதிவைத்த பொய்யை மெய்யென்று எடுத்துக்கொண்டு, அதன்படி நடந்துகாட்டுவது. கணிதக்காரனுக்கே தோன்றக்கூடிய யோசனை. வாக்கியத்தை எழுதியவன் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறார். விமர்சகனும் அதைத்தானே சொல்கிறான்?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டிருந்தால் நல்ல கட்டுரையாக இருக்கும். நம் பத்திரிகைகளில் இந்த மாதிரிக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. நானே எழுதியிருக்கிறேன். 2016-இல் 'அதிகாரத்தின் முன் சொல்' என்று ஒன்று. இருபது பக்கம். அதில் எத்தனை பெயரடை என்று சமீபத்தில் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து இரண்டாம் பக்கத்தில் விட்டுவிட்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்.

அதே வருஷம் நான் வேறொன்றும் எழுதினேன். அது நாலு வரி.

நான் அப்போது வேலை பார்த்த கிளையில் ஒரு தற்காலிக மெசஞ்சர் இருந்தார். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். காலையில் கதவு திறப்பது, லெட்ஜர் அறை பெருக்குவது, கிளியரிங் செக்குகளைக் கொண்டுபோவது, எங்களுக்கு டீ, மேனேஜர் வீட்டுக்குக் காய்கறி எல்லாம் அவர். தினக்கூலி. சனிக்கிழமை வவுச்சரில் கையெழுத்துப் போட்டு என் கவுண்டரில் வாங்கிக்கொள்வார். வவுச்சரில் இருக்கும் பெயர் அவருடையது இல்லை. மூன்று மாதம் ஒரு பெயர், அடுத்த மூன்று மாதம் வேறொரு பெயர், அப்புறம் கொஞ்ச நாள் அவர் சொந்தப் பெயர், மறுபடி இன்னொன்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டப்படி ஒரு ஆள் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்துவிட்டால் அவரைச் சும்மா நிறுத்திவிட முடியாது. எனவே காகிதத்தில் ஒரு ஆள் இல்லை; நாலைந்து பேர். யாருமே 240 நாள் வேலை செய்யவில்லை. அவர் எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாலும் 'ன்' என்ற எழுத்தின் மேல் புள்ளி வைக்காமல் ஒரு குட்டி வட்டம் போடுவார். எல்லாப் பெயரிலும் அந்த வட்டம் இருக்கும். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. ஒருநாள், "இன்னிக்கு யாருண்ணே நீங்க?" என்று கேட்டு இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

அவரை நிறுத்தினார்கள். யாரோ சொல்லி அவர் லேபர் கமிஷனர் ஆபீஸில் மனுப் போட்டார். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கிளையில் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினார். மிரட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டும், யாரும் என்னை மிரட்டவில்லை. "உங்க புரமோஷன் டெஸ்ட் வருது போல?" என்று விசாரித்தார். காபி வரவழைத்தார். முந்தின நாள் சாயங்காலம் மெசஞ்சர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "நீங்க பாத்தத மட்டும் எழுதுங்க சார், அது போதும்" என்று சொல்லியிருந்தார். நான் எழுதினேன்: மேற்படி நபர் எப்போதாவது கிளைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பது தெரியாது. வவுச்சர்கள் குறித்து எனக்குக் குறிப்பாக எதுவும் நினைவில்லை. இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

பெயரடை ஒன்றுகூட இல்லை. நடை கச்சிதம்.

ஸோவியத் முகாமோடு ஒரு பாங்குக் கிளையை நான் ஒப்பிடவில்லை. அங்கே ஏழு வருஷம். இங்கே அதிகம் போனால் தூத்துக்குடிக்கு ஒரு இடமாற்றம். ஒப்பிடுவதே ஆபாசம். நம்மில் சிலர் தங்கள் முந்நூறு பிரதிப் பத்திரிகையை ருஷ்யர்களின் ஏழு பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள், அதுவும் அப்படித்தான். நம்மை யாரும் தடுக்கவில்லை, சந்தாதான் தடுக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. ஏழு வருஷம் என்று தெரிந்தும் ஒரு முதலெழுத்தைத் திருத்தினார்களே, அவர்களைப் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் நான் இதை எழுதினேன். படித்தது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இலக்கியம் மனிதனை மேம்படுத்தும் என்று மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவதற்கு இதுதான் காரணம். நண்பர்கள் வேறு காரணம் நினைத்திருக்கலாம்.

பதிவேட்டின் சரித்திரத்தில் என்னை மிகவும் பாதித்த பகுதி செஞ்சதுக்கம் இல்லை. 1972 அக்டோபருக்கும் 1974 மேக்கும் இடையிலான மௌனம்.

27-ஆம் இதழ் வந்த பிறகு கே.ஜி.பி. ஒரு புது முறையைக் கையாண்டது. இனி ஒவ்வொரு இதழ் வரும்போதும் ஆட்களைக் கைது செய்வோம் என்று தெரியப்படுத்தியது. அந்த இதழைத் தயாரித்தவர்களைத்தான் என்று இல்லை. எப்போதோ சம்பந்தப்பட்டவர்களாக, சந்தேகத்துக்கு உரியவர்களாக இருந்தாலும் போதும். அதாவது நீ அடி, தண்டனை வேறொருவருக்கு. தன் தலையைக் கொடுக்கத் தயாராக இருப்பவனிடம் என்ன செய்வது என்று யோசித்துப் பிறர் தலையைக் கேட்டார்கள். இதற்குத் தைரியம் பதில் ஆகாது. தைரியசாலிதான் இதில் முதலில் சிக்குவான்.

நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நடுவே, ஏற்கெனவே கைதாகியிருந்த பியோத்தர் யாகிர், விக்டர் கிராஸின் இருவரும் உடைந்து, பெயர்களைச் சொன்னார்கள். 1973-இல் விசாரணை முடிந்து, பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டு, தாங்கள் செய்தது தவறு என்று சொன்னார்கள். யாகிரின் தகப்பன் 1937-இல் ஸ்டாலினால் சுட்டுக்கொல்லப்பட்ட படைத்தளபதி. யாகிர் பதினாலு வயதில் உள்ளே போய், இளமை முழுவதையும் சிறையிலும் முகாமிலும் கழித்தவர். மறுபடி அங்கே போக முடியாது என்று அந்த மனிதன் ஒரு இரவில் முடிவு செய்திருந்தால் அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. யாகிருக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குப் புரமோஷன் டெஸ்ட் இருந்தது. அதிலும் நான் தேறவில்லை.

ஒன்றரை வருஷ மௌனத்துக்குப் பிறகு 1974 மே மாதம் 28, 29, 30 ஆகிய மூன்று இதழ்களும் ஒரேயடியாக வெளிவந்தன. பழைய வழக்கத்தில் ஒரு மாறுதல். மூன்று பேர் வெளிநாட்டு நிருபர்களை அழைத்து, இதை விநியோகிக்கிற பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம் என்று தங்கள் பெயரைச் சொன்னார்கள். தத்யானா வெலிகானவா, கணிதம் படித்தவர், செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்த பாபித்ஸ்கியின் மனைவி. செர்கேய் கவல்யோவ், உயிரியல் விஞ்ஞானி. தத்யானா ஹதரோவிச், மொழியியலாளர். 28-ஆம் இதழில் நிறுத்தியதற்கு விளக்கம் இருக்கிறது. தனக்காக மட்டுமல்லாமல் மற்றவர்களுக்காகவும் முடிவெடுக்க நேர்ந்தவர்களின் நிலை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை என்கிறார்கள். ஆனால் மேலும் மௌனமாக இருந்தால் பணயக்கைதி முறைக்கு நாமே மறைமுகமாகத் துணைபோனதாகும் என்கிறார்கள். சில வரிகள்தான். ஒன்றரை வருஷம் சமையலறைகளில் என்னென்ன பேசியிருப்பார்கள், யார் யாரிடம் முகங்கொடுத்துப் பேசாமல் போயிருப்பார்கள் என்பதெல்லாம் அந்தச் சில வரிகளுக்கு அடியில் கிடக்கிறது.

அவர்கள் எடுத்த முடிவு சரியா? இதைச் சர்ச்சை செய்ய வேண்டும் என்று ஆசை. அவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்ததால் பிறர் கைது நின்றுவிடவில்லை. பணயமாக வைக்கப்பட்டவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சம்மதம் கேட்டிருக்கவும் முடியாது. அப்படியானால் பிறர் துன்பத்தின் மீது நின்றுதானே எழுதினார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கிறவர் எழுதாமல் இருப்பதன் கணக்கையும் காட்ட வேண்டும். முகாமில் ஒருவன் உண்ணாவிரதம் இருக்கிறான். அது வெளியே தெரியாவிட்டால் அவன் வெறுமே பட்டினி கிடக்கிறான். அவன் விஷயத்தில் பதிவேடு அவனுடைய உடம்பின் ஒரு பாகம். அதை நிறுத்துகிற உரிமையும் ஆசிரியர்களுக்கு இல்லை. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருடைய சம்மதம் இல்லாமல்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் செய்ததெல்லாம், அந்த யாரோ ஒருவரின் வரிசையில் தங்களையும் நிறுத்திக்கொண்டது. இதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

கவல்யோவ் 1974 டிசம்பரில் கைது. ஒரு வருஷம் கழித்து வில்னியஸில் விசாரணை. ஆந்த்ரேய் ஸகாரவுக்கு ஓஸ்லோவில் நோபல் பரிசு கொடுத்துக்கொண்டிருந்த நாளில் ஸகாரவ் வில்னியஸ் கோர்ட்டு வாசலில் குளிரில் நின்றுகொண்டிருந்தார். பரிசை மனைவி வாங்கினார். கவல்யோவுக்கு ஏழு வருஷம் முகாம், மூன்று வருஷம் நாடுகடத்தல். வெலிகானவா 1979 நவம்பரில் கைது. நாலு வருஷம், அதற்கு மேல் ஐந்து. கோர்ட்டில் எதிலும் பங்கெடுக்க மறுத்துவிட்டார். எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு மாஸ்கோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். ஹதரோவிச் நாட்டைவிட்டு வெளியேறினார். பதிவேடு 1983 வரை இழுத்துப்பிடித்து அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இதழ்களோடு நின்றது. நடுவில் ஒரு இதழ் சோதனையில் முழுசாகப் பறிபோயிற்று. அந்த எண் மட்டும் வரிசையில் காலியாக இருக்கிறது. அதை அடைக்காமல் அடுத்த எண்ணைப் போட்டார்கள்.

கொர்பனேவ்ஸ்கயா 1975-இல் வெளியேறிப் பாரிஸில் வாழ்ந்தார். 2013 ஆகஸ்ட் 25 அன்று, நாற்பத்தைந்து வருஷம் கழித்து, அதே சதுக்கத்தில் அதே வாசகத்தோடு சிலர் போய் நின்றார்கள். எழுபத்தேழு வயதில் அவரும் நின்றார். இந்தத் தடவையும் போலீஸ் வந்தது, சிலரைப் பிடித்துப்போனது. அந்த நவம்பரில் இறந்துபோனார். பதிவேட்டின் இதழ்களைத் தொகுத்துப் பாதுகாத்த 'மெமோரியல்' ஸ்தாபனத்தைக் கலைக்கும்படி ருஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த வருஷம் உக்ரைன் யுத்தம் தொடங்கியபோது, ருஷ்யத் தெருக்களில் வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களையும் கைது செய்தார்கள். பெயரடை போய், பெயர்ச்சொல் போய், தேதியும் போய், தாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் போலீஸ்காரன் சரியாகவே படித்துவிடுகிறான்.

இனி என் திருத்தம்.

2016-இல் நான் எழுதிக்கொடுத்ததில் 'எப்போதாவது கிளைக்கு வருவதை' என்பது தவறு. ஞாயிறும் விடுமுறையும் தவிர ஒவ்வொரு நாளும் வந்தார். 'நினைவில்லை' என்பது தவறு. வவுச்சர்களில் இருந்த கையெழுத்துகள், பெயர் எதுவானாலும், ஒரே ஆளுடையவை. அவர் போட்டதை நேரில் பார்த்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்தது நான். 'என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்பது தவறு.

இது எந்த விசாரணைக்கும் உதவாது. சமரசம் முறிந்து, வழக்கை மேலே கொண்டுபோகப் பணமில்லாமல் அவர் விட்டுவிட்டார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டு நாற்காலி இழுத்துப் போட்டார். நடந்ததை எழுதப்போகிறேன் என்றும், இது ஒரு சின்னப் பத்திரிகை, அதிகம் பேர் படிக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எழுதுங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று சொல்வார் என்றும் எதிர்பார்த்தேன்.

"பேரு மட்டும் போட்றாதீங்க சார்" என்றார். "ஊரும் வேணாம். பையன் இப்ப ஒரு பேங்க்லதான் டெம்பரரியா இருக்கான்."